அடுப்பில் படுத்த பூனை

கிண்ணியாவில் ஸைனுலாப்தீன் என்று கேட்டால், எந்த ஸைனுலாப்தீன் என்று திருப்பிக் கேட்பார்கள். மைக் ஸைனுலாப்தீன் என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். பகலில் அவன் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சாமான் பதிகிற கிளாக்கர். அதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பின்னேரம் ஒரு மேடையும் ஒரு மைக்கும் கிடைத்துவிட்டால் மனுசன் வேறு ஆளாகிவிடுவான்.

பேச்சுக்கு அவனிடம் ஒரு சூத்திரம் இருந்தது. முதலில் ஆளைக் காட்டு, பிறகு கணக்கைக் காட்டு, கடைசியில் கண்ணீரைக் காட்டு. 'நான் உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று தொடங்கினால் சனம் நம்பும். கணக்கு வந்தால் தலையாட்டும். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோவது கண்ணீரைத்தான். இது போக, மறுமொழி தெரிந்த கேள்வியையே கேட்பது, ஒரே சொல்லை மூன்று தரம் அடுக்குவது, கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுச் சனத்தைக் கொண்டே முடிப்பிப்பது என்று சில்லறை வித்தைகளும் கைவசம் வைத்திருந்தான்.

இதெல்லாம் மேடைக்குப் போகுமுன் குசினியில் ஒத்திகை பார்க்கப்படும். அவன் மனைவி ஸல்ஹா அடுப்பில் ஆணம் என்கிற குழம்பைத் துழாவிக்கொண்டிருப்பாள். இவன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு முழங்குவான். கண் முழுக்க அவள் கையிலிருக்கும் அகப்பையில்தான் இருக்கும். அகப்பை ஓடிக்கொண்டே இருந்தால் அந்த இடம் சப்பென்று இருக்கிறது. அகப்பை நின்றுவிட்டால் ஊரே நின்றுவிடும். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆனால் காது பொல்லாத காது.

"இதை மூண்டு தரம் சொல்லாதீங்க. ரெண்டாந் தரமே விளங்கிட்டு" என்பாள். அவன் முறைப்பான். மேடையில் இரண்டு தரம்தான் சொல்வான்.

கலியாணமாகி நாலு வருஷம். பிள்ளை இன்னும் இல்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு, வளவு, கிணறு எல்லாம் பெண்ணுக்கு வாப்பா கொடுத்தவை. ஸல்ஹாவின் வாப்பா வயல்காரர், மவுத்தாகிவிட்டார். அவர் இருந்த காலத்தில் அந்த வாசலுக்கு வந்தவர் கை நனைக்காமல் போனதில்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஸல்ஹாவுக்கு அந்தப் பெயர்தான் பெரிய சீதனம்.

அப்போது அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசியைப் பாதியாக வெட்டியிருந்த காலம். மழையும் பொய்த்து, கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் சனம் வெயிலில் காய்ந்தது. பலர் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஊர் முன்னேற்றச் சங்கத்தார் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தரை அழைத்து, ஊருக்கு அரிசி கேட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். பேச்சுக்கு வேறு யார்? ஸைனுலாப்தீன்தான்.

அன்று மத்தியானம் அவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போனான். ஸல்ஹா பரிமாறினாள். "நீ தின்னல்லியா?" என்று கேட்டதற்கு வழக்கம்போல, "நான் பிறகு தின்னுறன்" என்றாள். அவன் நினைப்பெல்லாம் பேச்சிலேயே இருந்தது.

மேடையில் ஆளைக் காட்டினான், சனம் நம்பியது. கணக்கைக் காட்டினான், உத்தியோகத்தர் கொட்டாவி விட்டார். ஒத்திகை பார்த்த கண்ணீர் இதற்குப் போதாது என்று ஸைனுலாப்தீனுக்குத் தெரிந்துவிட்டது. வாயில் வந்ததைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியோர்களே! யார் வீட்டுக் கதையையோ நான் ஏன் சொல்ல வேண்டும்? என் வீட்டு அடுப்பில் பூனை படுத்திருக்கிறது! என் மனைவி எனக்குப் பரிமாறிவிட்டு, 'நான் பிறகு தின்னுறன்' என்று சொல்கிறாள். பிறகு என்ன தின்கிறாள்? வெறும் பானையைச் சுரண்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறாள்! ஐயா, அந்தப் பிறகு எப்போது வரும்? அந்தப் பிறகு எப்போது வரும்?"

இரண்டு தரம்தான் சொன்னான். உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒலிபெருக்கி போட வந்த இராசநாயகம் சாம்பல்தீவுப் பக்கம் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மனுசர், டவுனில் கடை வைத்திருப்பவர், எத்தனையோ கூட்டம் கண்டவர். அவரே தன் பெட்டியைத் திருகாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மறுநாள் விடிந்ததும் வாசல் படலை திறந்தது. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா ஓலைப் பெட்டியில் அரிசியோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், ஒவ்வொருத்தி முந்தானைக்குள்ளும் ஏதோ ஒன்று. தங்கள் வீட்டிலேயே இல்லாத நேரத்தில் கிள்ளிக் கொண்டுவந்த அரிசி அது. ஸல்ஹா சிரித்த முகத்தோடு எல்லாரையும் இருத்தினாள். "எங்கட வீட்டில இரிக்கி உம்மா. நீங்க கொண்டு போங்க" என்று ஒவ்வொரு பெட்டியையும் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் போனபின் படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களே" என்றாள். "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

அனுமதி கேட்காததற்குத்தான் கோபம் என்று ஸைனுலாப்தீன் நினைத்தான். முதல் நாள் கைதட்டு இன்னும் காதில் இருந்தது.

"ஊருக்காகத்தானே சொன்னன். பாத்தியா, ஒருத்தராவது கண் துடைக்காமப் போனாங்களா?"

ஸல்ஹா, அந்தப் பக்கத்தில் ஒரு பெண் புருஷனிடம் லேசில் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"இது என்ட வாப்பா தந்த வீடு."

அதற்குமேல் ஒரு ஆம்பிளை அங்கே இருக்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு துறைக்குப் போனான். 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவையில் ஏறி அக்கரைக்குப் போய், பஸ் பிடித்து, இராசநாயகத்தின் கடையில் ஒலிபெருக்கிக் குழாய்களுக்கும் வயர்களுக்கும் நடுவே பாயை விரித்தான்.

கோபம் சீக்கிரமே தீர்ந்தது. ஏக்கம் தீரவில்லை. ஓட்டல் தேநீரைக் குடிக்கும்போதெல்லாம் அவள் கை ஞாபகம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேரே போய்ப் படலைக்கு வெளியே நின்றான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு.

"ஸல்ஹா, நான் ஆர்? உன்னைக் கைப்பிடிச்சவன். இந்த நாலு வருஷத்தில உன்னை ஒரு சொல்லுச் சொல்லியிருப்பனா? உன் மனசு நோகவிட்டிருப்பனா? உன்னை விட்டா எனக்கு..."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இதில நிப்பாட்டுவீங்க. மிச்சத்தச் சனம் சொல்லோணும்."

அவன் அப்போதும் விடவில்லை. "நான் செத்துப் போனா நீ..."

"கண்ணீர் இவ்வளவு கெதியா வரப்படாது. கணக்கு இன்னும் வரல்ல." அவள் குரல் உடைந்திருந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. "உங்கட பேச்செல்லாம் நான் குசினியில கேட்டு முடிஞ்சு. போங்க."

திரும்பும் வழியில் ஸைனுலாப்தீன் ஒன்றைக் கண்டுகொண்டான். ஊரை மசிய வைக்க அவனிடம் ஆயிரம் இருந்தது, அவளுக்கென்று புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. மிதவையின் ஓரத்தில் நின்றுகொண்டு அழுதான். பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர் மரியாதைக்கு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பின்னேரம் கடையில் இராசநாயகம் குழாய் ஒன்றைத் துடைத்தபடி கேட்டார். "நானா, ஒரு கதை கேக்கிறன், கோவியாதேங்கோ. அடுப்புக் கதை மெய்தானோ?"

"சீ! அண்டைக்கு நான் மூக்குமுட்டத் தின்டுட்டு வந்தன். சனம் இளகோணும் எண்டு சும்மா சொன்ன."

"ஐயோ நானா! ஊர் முழுக்கக் கேக்க அந்த மனுசியின்ர அடுப்பை அணைச்சுப் போட்டு, படலையில நிண்டு குசுகுசுத்தா எப்பிடி? குழாயில சொன்னதைக் குழாயிலதான் அழிக்க ஏலும்."

இதற்கிடையில் அந்தப் பேச்சு பலித்துவிட்டது. சங்கக் கடைக்கு இரண்டு லொறி அரிசி கூடுதலாக வந்து இறங்கியது. முன்னேற்றச் சங்கத்தார் நன்றிக் கூட்டம் வைத்தார்கள். அதே உத்தியோகத்தர் வருவார், ஸைனுலாப்தீனுக்கு மாலை போட்டு 'நாவலர்' என்று பட்டம் கொடுப்பார். எத்தனை வருஷமாக அவன் உள்ளுக்குள் ஏங்கிய பட்டம்! சங்கத் தலைவர் பரீது ஹாஜியார் மாலையைக் கொழும்பிலிருந்து எடுப்பித்ததாகக் கதை.

கூட்டத்தன்று இராசநாயகம் தென்னை மரத்தில் ஏறி, ஒரு குழாயை மட்டும் மைதானத்துக்கு முதுகு காட்டி ஸல்ஹாவின் வளவைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார். ஏன் என்று கேட்டவர்களிடம், காற்று அந்தப் பக்கம் என்றார்.

ஸைனுலாப்தீன் எழுந்தான். சனம் கைதட்டி ஓய்ந்தது. ஆளைக் காட்டலாம் என்று வாயைத் திறந்தான். மேடைத் தமிழ் வரவில்லை. வீட்டுப் பேச்சுத்தான் வந்தது.

"போன கூட்டத்தில என்ட வீட்டு அடுப்பில பூனை படுத்திருக்கி எண்டு சொன்னன். அது பொய். அந்த வீட்டில பூனையே இல்ல."

யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் கையிலிருந்த மாலை கொஞ்சம் கீழே இறங்கியது.

"அண்டைக்கு நான் வயிறு நிறையத் தின்டுட்டுத்தான் இஞ்ச வந்தன். சோறு, முரல் மீன் ஆணம், முருங்கக்கீரை. போதும் போதும் எண்டு கையால மறிக்க மறிக்க இன்னொரு அகப்பை போட்டா. அது என்ட வீடும் இல்ல. என்ட மாமனார் கட்டின வீடு. அந்த வீட்டில ஒரு நாளும் நான் பசியோட படுக்கல்ல. நீங்க அழோணும் எண்டு இல்லாததச் சொன்னன். ஐயா, கோவமெண்டா என்னோட கோவியுங்க. ஊரு மெய்யாத்தான் பசிச்சிக் கிடந்த. அரிசியில கை வெச்சிராதீங்க."

உட்கார்ந்துவிட்டான். கைதட்டு இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இனி இவன் சொன்னா ஆர் நம்புற?" என்றது. அது நியாயமான கேள்வி. ஹாஜியார் மாலையைச் சுருட்டிக் கதிரைக்குக் கீழே வைத்தார். உத்தியோகத்தர் மட்டும் குனிந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அரிசி நின்றுவிடாது என்று அதிலே தெரிந்தது. பட்டமும் போயிற்று, பேரும் போயிற்று. ஸைனுலாப்தீன் யாரையும் பாராமல் நடந்தான்.

படலை திறந்து கிடந்தது. குசினியில் ஸல்ஹா அவனுக்கு முதுகு காட்டியபடி அடுப்பில் ஆணம் துழாவிக்கொண்டு நின்றாள். அவன் வாசல்நிலையிலேயே நின்றுவிட்டான்.

"மெய்யாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"என்ன தெரியாது?"

"அந்த இன்னொரு அகப்பையைப் போட்ட பிறகு பானைக்குள்ள என்ன இருந்த எண்டு."

அவனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. நான் பிறகு தின்னுறன், நான் பிறகு தின்னுறன் என்று எத்தனை மத்தியானங்கள்! அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவே இல்லையா? எதிரிலிருந்தவள் பட்டினி கிடந்ததை அறியாமல், அதே பட்டினியைக் கற்பனை என்று எண்ணி ஊருக்கு விற்றிருக்கிறான். அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தாளே அந்த அரிசிப் பெட்டிகள், அவற்றைப் பசியோடுதான் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க கண்டுட்டுத்தான் சொன்னீங்க எண்டு நினைச்சன்" என்றாள் ஸல்ஹா. "பசியக் கண்டும் என்னட்ட 'தின்டியா புள்ள' எண்டு ஒரு சொல்லுக் கேக்காம, மைக்கில போய்ச் சொல்லிக் கைதட்டு வாங்கினீங்க எண்டு. அதுதான் தாங்க ஏலாமப் போச்சு. பொய்யெண்டு இண்டைக்குத்தான் தெரியும்." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "இனி இது மெய்யெண்டு திரும்பவும் மைக்கில ஏறிச் சொல்லிப் போடாதீங்க."

அவன் அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக வாசல்நிலையைத் தாண்டிக் குசினிக்குள் வந்தான். பானை மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். இருவருக்குப் போதுமான சோறு இருந்தது. ஆனாலும் ஒரு சோற்றுக் கோப்பையை எடுத்து, தனக்குத் தெரிந்த மாதிரிக் கொட்டிச் சிந்திச் சோற்றைப் போட்டு அவளிடம் நீட்டினான்.

"நீ தின்னு. நான் பிறகு தின்னுறன்."

ஸல்ஹாவின் கையில் ஆணம் துழாவிக்கொண்டிருந்த அகப்பை நின்றது.

பிறகு அலுமாரிக்கு மேலே எட்டி, கந்தூரி விருந்து நாட்களில் ஆறு பேர் சுற்றியிருந்து தின்னும் பெரிய சகன் தட்டை இறக்கினாள். அவன் நீட்டிய கோப்பையை வாங்கி அதிலே கவிழ்த்தாள். பானையிலிருந்த மிச்சத்தையும் கொட்டினாள். ஆணத்தை ஊற்றிப் பாயை விரித்தாள்.

"பிறகு தின்னுற கதை இனி இந்த வீட்டில இல்ல" என்றாள். "கையக் கழுவிட்டு வந்து இரிங்க."