இப்பத் தெரியுதா?

"காதுதான்க்கா தெரியுது. மூஞ்சியக் காட்டு!" தோஹாவிலிருந்து வீடியோ காலில் முகிலன் கத்தினான்.

தேவதர்ஷினி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்று போனை நகர்த்தினாள். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் அது கைதவறி விழுந்ததிலிருந்து திரையின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு. அப்பா கேசவனின் முகம் ஒவ்வொரு முறையும் அதற்குள்ளேயே போய் மறைந்தது.

தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவை அவன் பார்ப்பது இதுதான் கடைசி. ராகு காலத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று சித்தப்பா மோகன்ராஜ் வாசலில் பறந்துகொண்டிருந்தார்.

"இப்பத் தெரியுதாடா?"

"தலைகீழா கீதுக்கா. அப்பா மாதிரியே இல்ல, வேற யாரோ மாதிரி கீது."

"உன் போனைத் திருப்பிப் பாரேன்."

"திருப்புனா படமும் கூடவே திரும்புது!"

கால்மாட்டுக்குப் போகலாம் என்றால் குரோம்பேட்டை அத்தைகள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். விரற்கடை இடம் விடவில்லை.

"அப்பன் சாவுல போட்டோ புடிக்கிறா பாரு" என்றாள் ஒருத்தி. அவளை அறையலாம் போல வந்தது. முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

இப்போது முகம் நேராக வந்தது. வந்ததும் கறுப்புக்குள் போனது. எரிச்சலோடு படத்தை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"அய்யோ அக்கா! மறுபடியும் காது!"

"நடுவுல கறுப்பா கீதேடா, அதான் ஓரமா காட்றேன்!"

"இன்னா கறுப்பு? இங்க ஒண்ணுமே இல்லியே. உன் போன்லதான் கீது."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் திரையில் இருப்பது அவனுக்கும் தெரியும் என்று நினைத்து, அவளேதான் அப்பாவை அவன் பார்வையிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள். என்ன மடத்தனம்!

"நேரமாச்சும்மா, எடுக்கணும்" என்றபடி சித்தப்பா ஆட்களோடு உள்ளே வந்தார்.

தர்ஷினி போனை அப்பாவுக்கு நேரே நீட்டினாள். திரையைப் பார்ப்பதை விட்டாள். காலையிலிருந்து இப்போதுதான் அப்பாவை நேராகப் பார்க்கிறாள். தாடைக் கட்டுக்குப் பக்கத்தில் சவரத்தில் விடுபட்டுக் கொஞ்சம் நரைமுடி நின்றது.



"முகிலா? லைன்ல கீறியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்படியே வச்சிரு அக்கா. ஆட்டாத."

சித்தப்பா பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கக் கை வைத்தார். தர்ஷினி தன் இன்னொரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.