கோழிப் படம்

ஐம்பத்தாறாம் வருஷம் ஆவுடையார்கோவில் திருவிழாவுக்கு வந்த டென்ட் கொட்டகையில், பெரிய படத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டூன் படம் போட்டார்கள். சேவலுக்கும் கோழிக்கும் குடும்பச் சண்டை. கோழி ஓயாமல் வாயாடுகிறது. பொறுக்க முடியாத சேவல் அதைக் கிணற்றில் பிடித்துத் தள்ளுகிறது. கொட்டகையே சிரித்தது. மணல் தரையில் உட்கார்ந்திருந்த இருளாயியும் சிரித்தாள்.

பக்கத்தில் இருந்த மூக்காயி சிரிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. இருளாயியின் அக்காள் அமிர்தவல்லியின் மகள். முந்தின வருஷம் வயற்காட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போன அமிர்தவல்லி தவறி விழுந்து செத்துப்போனாள் என்றார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அத்தான் ஆவுடையப்பனுக்கே இருளாயியைக் கட்டிவைத்தார்கள்.

திரையில் கோழி நனைந்த இறகோடு மேலேறி வந்து, துடைப்பத்தை எடுத்துச் சேவலை விரட்டியது. மூக்காயி எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளையைக் காணோம். தேடிப் போன இருளாயி, அவள் வயற்காட்டுக் கிணற்று மேட்டில் குத்தவைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பதறி இழுத்தாள். மூக்காயி கையை உதறிக்கொண்டு, தலைமேல் விரல்களை விரித்துச் சேவலின் கொண்டையைக் காட்டினாள். இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளினாள். கிணற்றைக் காட்டினாள். பிறகு மேலுதட்டில் மீசை முறுக்கினாள். அப்பனைச் சொல்ல அவள் எப்போதும் செய்கிற சாடை அது. தன் காது மடலைத் தொட்டாள். தோடு போட்ட அம்மா. கடைசியாக, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஏறி வருவதுபோலக் கையை உயர்த்திவிட்டு இருளாயியின் முகத்தையே பார்த்தாள்.

அம்மா எப்போது மேலே வருவாள் என்று கேட்கிறாள்.

இருளாயி பிள்ளையைக் கிணற்று மேட்டிலிருந்து இறக்கினாள்.

பிள்ளையை அழைத்துக்கொண்டு நேரே தன் அப்பன் வீட்டுக்குப் போனாள். முனியசாமி மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவர் நிமிரவில்லை.

"ஒனக்கு இப்பத்தான் தெரியுதா?"

"அப்ப ஒங்களுக்கு?"

"அவளக் கெணத்துலேர்ந்து தூக்குறப்பவே பாத்தேன். கழுத்துல வெரல் தடம் கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா என்னைய அவருக்குக் கட்டிக் குடுத்தீங்க?"

"ஊருக்குள்ள பகை வேணாம்னு பாத்தேன். ஒனக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேரு நிக்கிறாளுக." வைக்கோலைக் கீழே போட்டார். "ஒங்க அக்காளுக்கு வாய் ஜாஸ்தி. நீ அப்பிடி இல்ல."

உள்ளே இருந்த ஆத்தா பிச்சையம்மாள் வெளியே வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். "பாத்தது யாரு?" என்று ஏட்டு கேட்டார்.

"இந்தப் புள்ளதாங்க."

"எங்க, சொல்லச் சொல்லு."

மூக்காயி தலைமேல் கொண்டை வைத்துக் காட்டினாள். சுற்றியிருந்த போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

இருளாயி ஆவுடையப்பன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அறந்தாங்கியில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை கிடைத்தது. மூக்காயி களத்தில் காக்கை விரட்டினாள். ஓடிப்போனவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வைகாசியில் ஆவுடையப்பனுக்கு மறுபடியும் பெண் பேசி முடித்திருப்பதாக மில்லுக்கு வந்த சொந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். இருளாயி பிள்ளையோடு பஸ் ஏறிப் பெண் வீட்டுக்குப் போனாள். பெண்ணின் தாயார் பாய் விரித்து, மோர் கொடுத்து, குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"பந்தக்கால் ஊண்டியாச்சே தாயி" என்றாள். "எம்மக அதிர்ந்து பேசாத புள்ள. பொழச்சுக்கிருவா."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பெண் அங்கேதான் நின்றிருக்கிறாள். இருளாயி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவள் வெளியே வரவில்லை. வாசலில் ஆட்கள் பந்தலுக்குக் கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருளாயி மூக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.