எந்த மலை?

வாசல் வழியாகச் சவப்பெட்டி உள்ளே வந்தபோது மலாக்கி மாடிப்படியின் நடுவில் நாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெட்டியைச் சுமந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கூடம் குறுகலானது, அவர்கள் திரும்பி முன்னறைக்குள் போகும்வரை அவரால் இறங்க முடியாது. நான்சியின் கால்கள் நான்கும் மடக்கத் தெரியாத குடைக்கம்பிகளைப் போல அவர் கைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அங்கயே கொஞ்சம் நில்லுங்க மலாக்கி. முதல்ல பிலோமினாவ உள்ள கொண்டுபோயிடுறோம்," என்றார் பெட்டிக்காரர்.

"மெதுவாவே போங்க. அவளுக்கு இனிமே அவசரம் இல்ல," என்றார் மலாக்கி. கை கடுத்தது. வேட்டைநாய் பார்க்க ஒல்லிதான், தூக்கினால் தெரியும்.

நான்சிக்கு மாடி ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. பந்தய நாயாகக் கொட்டடியிலேயே பிறந்து வளர்ந்தது. வீடு என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. மனைவி பிலோமினா, அவருக்கு ஃபில், அவள்தான் ஒவ்வொரு காலாக எடுத்துப் படியில் வைத்து, ஒரு படிக்கு ஒரு துண்டு பாலாடைக்கட்டி என்று கூலி கொடுத்து ஏறப் பழக்கினாள். இறங்கப் பழக்குவதற்குள் அவளுக்கே படி ஏற முடியாமல் போய்விட்டது. "ஏறுறதுக்கு நான் கத்துக்கொடுத்துட்டேன். இறக்குறது உன் பாடு," என்று படுக்கையில் இருந்தபடி சொல்லுவாள். அன்றிலிருந்து தினமும் காலையில் இந்தச் சுமை மலாக்கியுடையது.

பெட்டி முன்னறைக்குள் போனதும் அவர் இறங்கி நாயைக் கீழே விட்டார். பக்கத்து வீட்டுக் கன்செப்டா கையில் துணியோடு கூடத்தில் நின்றாள். சாவு விழுந்த வீட்டில் கண்ணாடிகளை மூட வேண்டும், அதற்காக வந்திருந்தாள். ஆனால் கூடத்துக் கண்ணாடி போன வருடத்திலிருந்தே படுக்கைவிரிப்பு ஒன்றால் மூடித்தான் கிடந்தது. வந்த புதிதில் நான்சி அதில் இன்னொரு நாயைப் பார்த்து நடுங்கி, மூத்திரம் பெய்துவிட்டாள். அன்றே ஃபில் அதை மூடிவிட்டாள். பின்கதவின் கண்ணாடியில் நீல நாடா ஒட்டியதும் அவள்தான். அது கதவு என்று தெரியாமல் நான்சி நேராகப் போய் மூக்கை இடித்துக்கொண்டதால்.

"பாரேன், எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சு வச்சிட்டுப் போயிருக்கா," என்றாள் கன்செப்டா. துணியை என்ன செய்வதென்று தெரியாமல் அதையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மதியத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திறந்த பெட்டியில் ஃபில் நீலச் சட்டையில் படுத்திருந்தாள், விரல்களில் ஜெபமாலை. அருகிலேயே தன் மெத்தையில் நான்சி. வந்தவர்கள் மலாக்கியின் கையைப் பிடித்து "மனசே ஆறல" என்றார்கள். ஃபில்லின் கையைத் தொட்டார்கள், நெற்றியில் முத்தமிட்டார்கள், பிறகு சமையலறைக்குப் போய்த் தேநீரும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்து சிரிக்கவும் செய்தார்கள். அது தவறில்லை. சிரிப்பே கேட்காத சாவு வீடு என்றால் ஃபில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒவ்வொருவரிடமும் வாசலிலேயே மலாக்கி சொல்லிக்கொண்டிருந்தார். "நாய் கண்ணத் திறந்துக்கிட்டே தூங்கும். முழிச்சிருக்குன்னு நினைச்சுத் தொட்டுடாதீங்க. முதல்ல பேரச் சொல்லுங்க."

அது ஃபில் போட்ட சட்டம். வாழ்நாளெல்லாம் தனிக் கூண்டில் தூங்கிய பிராணி, தூக்கத்தில் ஒரு கை மேலே பட்டால் எங்கிருக்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே கடித்துவிடும். முதல் மாதம் ஃபில்லின் மணிக்கட்டிலேயே பல்லைப் பதித்தது. மலாக்கி பதறியபோது, "என்னையும் தூங்கும்போது திடீர்னு தொட்டா கடிக்கத்தான் செய்வேன்," என்றாள். கடைசி வாரங்களில் வலி மருந்தின் மயக்கத்தில் அவளும் பாதிக் கண் திறந்தபடி தூங்கினாள். மலாக்கிக்கு எது தூக்கம் எது விழிப்பு என்று தெரியாது. அதனால் அவரும் "ஃபில்" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் கையைத் தொடுவார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து பதில் வரும். "தொடு, தொடு. கடிக்க மாட்டேன்."

டின்னி வந்தபோது மாலை வெயில் சமையலறை ஜன்னலில் இருந்தது.

டின்னி, ஃபில்லின் அண்ணன். நாய்ப் பந்தயக்காரர், வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கூண்டுகள், வீட்டுக்குள் சுவரெல்லாம் கோப்பையோடு நிற்கும் நாய்களின் படங்கள். ஜெயிக்காத நாய்களுக்குப் படம் கிடையாது. அவை எங்கே என்று கேட்டால் அந்தக் குடும்பத்தில் அப்பா காலத்திலிருந்தே ஒரே பதில்தான்: "மலைக்கு அனுப்பியாச்சு." சிறுமியாக இருந்தபோது ஃபில் சாப்பாட்டு மேசையில் "எந்த மலைப்பா?" என்று கேட்டாள். அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் பந்தயப் பாதையின் வளைவில் விழுந்து நான்சியின் பின்கால் முறிந்தது. திங்கட்கிழமை மலைக்கு என்று டின்னி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, சர்ச்சுக்குப் போட்டுப் போன பச்சைக் கோட்டோடு, ஃபில் காரை நேராக அண்ணன் வீட்டுக்கு விட்டாள். கூண்டைத் திறந்து நாயைப் பின்சீட்டில் ஏற்றினாள். டின்னி வாசலில் நின்று கத்தியபோது கண்ணாடியை இறக்கி, "நீ சொன்ன மாதிரி மலைக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். எங்க சமையக்கட்டு ஜன்னல்ல நல்லாத் தெரியும்," என்றாளாம். நான்சி என்று பெயர் வைத்ததும் அவள்தான். கணவனை விட்டுப் பாஸ்டனுக்குப் போய்விட்ட, குடும்பத்தில் யாரும் வாயால் சொல்லாத ஒரு சித்தியின் பெயர்.

டின்னி வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போய்த் தங்கையின் நெற்றியில் முத்தமிட்டார். கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மலாக்கி வாயைத் திறப்பதற்குள் அவர் நிமிர்ந்து, பக்கத்தில் கண் திறந்து கிடந்த நாயைப் பார்த்து, பழக்கதோஷத்தில் குனிந்து அதன் காதைப் புரட்டினார். பந்தய நாய்க்குக் காதுக்குள் பச்சை குத்தியிருக்கும், நாய்க்காரர்களின் கை தானாக அங்கேதான் போகும்.

நான்சி பாய்ந்து கடித்தாள். கடித்துவிட்டு, என்ன செய்தோம் என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். டின்னியின் புறங்கையில் ரத்தம் கோடிட்டது. சமையலறைச் சிரிப்பு நின்றது. தட்டோடும் கோப்பையோடும் எல்லோரும் கதவுக்கு வந்துவிட்டார்கள்.

"சனியன் பிடிச்ச நாய்! சாவு வீட்டுல கடிக்குது!"

"நீ பேரச் சொல்லல டின்னி," என்றார் மலாக்கி.

"நாய்கிட்ட நான் பேர் சொல்லி அனுமதி கேக்கணுமா? நீ லாரி ஓட்டிக்கிட்டிருந்த காலத்துலேருந்து நான் நாய் வச்சிருக்கேன்!"

"வச்சிருக்க. ஒண்ணாவது தூங்கிப் பார்த்திருக்கியா?"

டின்னி கொட்டடிக்குள் காலை வைத்தாலே நாய்கள் எல்லாம் எழுந்து நின்றுவிடும். அவை தூங்கி அவர் பார்த்ததில்லை.

கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு குரலைத் தணித்தார். தணிந்த குரல்தான் அவரிடம் மோசமானது. "இங்க பாரு மலாக்கி. அவ இருந்தவரைக்கும் அவ பிடிவாதம், நான் விட்டுட்டேன். இப்ப நீ ஒத்த ஆளு. முட்டை அவிக்கத் தெரியாது உனக்கு. இதுக்குத் தைலம் தேய்க்கணும், பல்லு விளக்கணும், தூக்கிச் சுமக்கணும், இதெல்லாம் உன்னால ஆகுமா? நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் நான் வண்டியக் கொண்டுவரேன். மலைக்கு அனுப்பிடலாம்."

திருமணமான நாளிலிருந்து மலாக்கி மைத்துனரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டில் சண்டை இலாகா முழுவதும் ஃபில்லிடம் இருந்தது. அவர் பின்னால் நின்று தலையாட்டுவதோடு சரி. இப்போதும் பழக்கத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜெபமாலையோடு படுத்திருந்தாள். அவருக்குக் கோபம் வந்தது. அவள் போய்விட்டதற்கே கோபம் வந்தது.

"எந்த மலை, டின்னி?"

"என்ன?"

"எந்த மலைன்னு கேட்டேன். கால்ட்டியா, நாக்மீல்டவுனா? அந்த ஜன்னல்ல ரெண்டும் தெரியுது. இத்தன வருஷமா அனுப்புறியே, அங்க ஒரு நாய் ஓடி நான் பார்த்ததில்ல. மலைக்கு ஒரு பேரு இருக்கும்ல? சொல்லு."

ஒரு கோப்பை தட்டில் கிணுங்கியது. பங்குத்தந்தை தொண்டையைச் செருமினார். "மலாக்கி, இது அதுக்கான நேரம் இல்லப்பா."

"இதவிட்டா வேற நேரம் கிடையாது ஃபாதர். சின்னப்பிள்ளையில கேட்டதுக்கு அவளுக்கு இன்னும் பதில் வரல. நாளைக்கு மூடி போட்டுடுவாங்க."

டின்னியின் முகம் காதுவரை சிவந்தது. அவர் தொப்பியை எடுத்தார். "நல்லாக் கேட்டுக்க. அந்த நாய் நாளைக்கு சர்ச்சுக்கு வந்துச்சுன்னா, என் தங்கச்சி பெட்டிக்கு நான் தோள் கொடுக்க மாட்டேன்."

கூடப் பிறந்தவன் தோள் கொடுக்காத பெட்டி என்றால் அந்த ஊரில் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசுவார்கள். எல்லோரும் மலாக்கியைப் பார்த்தார்கள். நாயைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அதுவரை அவர் நினைத்திருக்கவே இல்லை. சரி டின்னி, வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இன்று இதில் விட்டுக்கொடுத்தால் நாளை வண்டி வந்து நிற்கும்.

"கொடுக்காத," என்றார்.

டின்னி போய்விட்டார். கதவு அடித்துக்கொண்ட சத்தத்துக்கு நான்சி இன்னொருமுறை நடுங்கினாள். கன்செப்டா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "நான் தூக்குறேன். கோழித் தீவன மூட்டை தூக்குன தோளுதான்," என்றாள்.

காலையில் மலாக்கி நாயை மாடியிலிருந்து இறக்கினார். கழுத்தை அதிகம் தாழ்த்தாமல் தின்ன முக்காலியின் மேல் கிண்ணத்தை வைத்துக் கஞ்சி ஊற்றினார். முறிந்து கூடிய காலில் தைலம் தேய்த்தார். முட்டையையும் ஒன்று அவித்தார், அது வெடித்துவிட்டது. இருந்தாலும் தின்றார். வெளியே குளிர். மெல்லிய தோலுக்கு அது ஆகாது என்பதால் நான்சியின் கோட்டை எடுத்து மாட்டினார். ஃபில்லின் பச்சைக் கோட்டுதான் அது. உடம்பு கரைந்த பிறகு, "இது இனிமே எனக்குத் தொளதொளன்னு இருக்கு, அவளுக்குச் சரியா இருக்கும்," என்று அவளே கத்தரித்துத் தைத்தது. வெட்டும்போது அழாமல் வெட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த மலாக்கிக்குத்தான் முடியவில்லை.

கூடத்தில் பெட்டிக்காரர் ஆட்களை வரிசைப்படுத்தினார். அப்போது டின்னி வந்தார், கறுப்புச் சூட்டில், கையில் கட்டோடு. யாரையும் பார்க்காமல் முன்வரிசையில் வலது பக்கம் போனார். அங்கே கன்செப்டா நின்றிருந்தாள்.

"அது அண்ணனோட எடம்," என்றார் டின்னி.

"நேத்தே நிரம்பிடுச்சே. நீ வேண்டாம்னு சொன்னத நாங்க வாயில சாண்ட்விச்சோட கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம்?"

பின்னால் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். டின்னி மலாக்கியைப் பார்த்தார். மலாக்கி கண்ணசைத்தால் கன்செப்டா நகர்ந்துவிடுவாள். அவர் அசைக்கவில்லை.

"பின்னால நட டின்னி," என்றார். "குடும்பம் பின்னாலதான் நடக்கும். நான் வரேன், நான்சி வரா. நீயும் வா."

நான்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் யார் அசையாமல் நின்றாலும் அவர்கள் காலில் உடம்பைச் சாய்த்துக்கொள்வாள். ஆள் யார் என்று பார்க்க மாட்டாள். இப்போது டின்னியின் காலில் சாய்ந்தாள். டின்னி குனிந்து பார்த்தார். அந்தப் பச்சைக் கோட்டு அவருக்குத் தெரியும். காலை நகர்த்தினால் நாய் விழுந்துவிடும். நகர்த்தாமல், எங்கே பார்ப்பதென்று தெரியாமல், மூடிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்னறையில் எல்லோரும் விடைபெற்றுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். பெட்டிக்காரர் மூடியோடு சுவர் ஓரமாகக் காத்திருந்தார். மலாக்கி மட்டும் உள்ளே போனார். குனிந்து கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஃபில்," என்றார்.

கூடத்தில் நான்சி காதைத் தூக்கினாள். எப்போதும் பதில் வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு, அவர் அவள் கையைத் தொட்டார்.