படுத்துப் பார்க்க வேண்டிய புத்தகம்

எலக்ட்ரீஷியன் வீட்டுப் படுக்கையறையின் கூரை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காணாமல் போனது. மின்விசிறி மாட்டும் கொக்கி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதில் ஒரு புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் யாரும் கீழே விழவில்லை. அவர்களுக்குத் தரை தரையாகவே இருந்தது. கொஞ்சம் சில்லென்று இருப்பதாக மட்டும் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் காரணம் நூலகத்து அம்மாள்தான், வேறு யார்? சமையல் புத்தகம் கேட்டுப் போனாலும் சரி, தேர்வு வழிகாட்டி கேட்டுப் போனாலும் சரி, இத்தாலிய ஓவிய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைச் சிபாரிசு செய்து கையில் திணித்துத்தான் அனுப்புவாள். எதைத் தருவது என்பதில் மட்டும் அவளுக்கு ஒரு முறை உண்டு. "படிக்கிறவங்க எப்படி உக்காந்து படிப்பாங்க?" என்று முதலில் கேட்பாள். மனைவிக்குப் புத்தகம் கேட்டுப் போன எலக்ட்ரீஷியனிடமும் கேட்டாள். தபால்காரியான அவன் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் மல்லாந்து கிடந்தாள். சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். "என்னை விட்டுடுங்க, போய்ச் சேர்றேன்" என்பதைத் தவிர அவளிடமிருந்து பேச்சே இல்லை. இப்படியே போனால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் ஊரார் காதில் போட அந்த மனிதனுக்குக் கூச்சம். "நாற்காலியிலதான் உக்காந்து படிப்பா" என்று சொல்லி வைத்தான்.

அதனால் முதலில் தங்கப் பின்னணி ஓவியங்களைப் பற்றிய புத்தகம் வந்தது. அதிலிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "நலம் விசாரிக்க வந்தவங்க மாதிரியே நிக்கிறாங்க, மூடுங்க" என்றாள் மனைவி. அடுத்து வந்ததில் நீண்டு நீண்டு போகும் தெருக்களாக இருந்தன. தெருத்தெருவாக நடந்தவளுக்கு அதைக் காட்டலாமா? சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவன் ஓடிப்போய் நூலகத்தில் உண்மையைக் கொட்டினான். அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "படுத்திருக்காங்கன்னு முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்று திட்டிவிட்டு, அலமாரியிலிருந்து கூரை ஓவியங்களின் வரலாற்றுப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதை மனைவியின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றதில் அவனுக்குத் தோள் கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. தொழில் தெரிந்தவன் அல்லவா, மின்விசிறியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வயரால் கொக்கியில் கட்டிவிட்டான். தலைக்கு மேலே வைத்துப் பார்ப்பதற்கென்றே வரைந்த படங்கள் அவை. அச்சான நாளிலிருந்து எல்லோரும் மேசையில் போட்டுக் குனிந்தே பார்த்திருக்கிறார்கள். முதல்முறையாக ஒருத்தி கீழே படுத்து மேலே பார்த்ததும் அவை தம் வேலையைத் தொடங்கிவிட்டன. கூரை போய், நல்ல வெளிச்சமான வானம் வந்தது. மேகங்கள் வந்தன. வானத்து விளிம்பில் வந்த கைப்பிடிச் சுவரில் சிலர் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்கள். சிறகு முளைத்த கொழுகொழு பிள்ளைகள் போட்ட கூச்சலில் தூங்க முடியவில்லை என்று மேல்வீட்டு மாமி சண்டைக்கு வந்தாள், வந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மனைவி படுக்கையைவிட்டு ஒரு சாண் எழும்பினாள். எலக்ட்ரீஷியன் பாய்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க," என்றாள்.

"விட்டா நீ திரும்பி வரமாட்டே."

"வருவேனான்னு எனக்கே தெரியலைங்க. ஆனா பாக்கணும்போல இருக்கு."

விழுந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இதுதான். அன்று முழுக்க அவன் பாதத்தை விடவில்லை. மறுநாள் மதியம் ஒரு வயர்ச் சுருளை எடுத்துவந்து, அவள் இடுப்பில் வலிக்காமல் சுற்றிக் கட்டி, கையை எடுத்தான். அவள் போனாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டினாள், முதல் மேகத்தைத் தாண்டினாள், பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. சுருள் தீர்ந்து வயரின் முனை அவன் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"ஏங்க! இன்னும் கொஞ்சம் விடுங்க!" என்று மேலே இருந்து குரல் வந்தது.

ஒரு சுண்டு சுண்டி இழுத்திருந்தால் அவள் வந்துதான் ஆகவேண்டும். அது அவனுக்கும் தெரியும். அவனோ முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய இன்னொரு சுருளைப் பிரித்து, கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி, விட்டான். மேலே வயர் விறுவிறுவென்று ஓடியது. பிறகு நின்றது. வெகுநேரம் அசையவே இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் வயர் தொளதொளத்து வளையம் வளையமாகத் தரையில் விழுந்தது. பின்னாலேயே அவள் வந்து படுக்கையில் இறங்கினாள், தலைமுடி ஈரமாக இருந்தது. "பசிக்குது, என்ன இருக்கு?" என்றாள். அவன் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சநேரம் அழுதுவிட்டுத்தான் தட்டை எடுத்தான்.

புத்தகத்தைத் திரும்ப வாங்க வந்த நூலகத்து அம்மாள் மேலே பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டாள். எலக்ட்ரீஷியன் இப்போது காலையில் மட்டும்தான் வேலைக்குப் போகிறான். வயர்க் கடைக்காரர் அவனிடம் எத்தனை மீட்டர் என்று கேட்பதை விட்டுவிட்டார். "அக்கா இன்னிக்கு எவ்வளவு தூரம் போறாங்களாம்?" என்றுதான் கேட்கிறார்.