சாமியாரைக் கூப்பிடாத மத்தியானம்

சவரிநாதன் இரண்டாவது தடவையாகச் சாமியாரைக் கேட்டபோது சிலுவையம்மாள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். புருஷன் சாகக் கிடக்கையில் மீன் ஆய்கிற பெண்பிள்ளை ராயபுரத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"இன்னாமே, காதுல வுழலியா? சாமியார இட்டாரச் சொல்லு."

"ஆளு போயிகீது," என்றாள், தலையைத் தூக்காமல்.

யாரும் போகவில்லை. கோயில் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போனால் கஞ்சி பொங்குவதற்குள் திரும்பிவிடலாம். காலையில் வந்த டாக்டர், சாயங்காலம் தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாகுமுன் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலை வாங்காமல் செத்தவன் கதி என்ன என்று முப்பது வருஷமாகத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் சவரிநாதன். துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டியது போக மிச்ச நேரமெல்லாம் கோயில் சபைக்கு மூப்பன். யார் பூசைக்கு வரவில்லை, யார் பிள்ளை கொட்டகையில் சினிமா பார்த்தது, எல்லாம் அவன் விரல்நுனியில். ஊருக்குக் காட்டிய அந்தப் பயத்தை அவனும் கொஞ்சம் பட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் அவள் உட்கார்ந்திருந்தாள். துளிக் கூச்சமில்லாமல் அதை விரும்பினாள்.

பக்கத்துப் போர்ஷன் ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். "யக்கா, நான் வோணா ஓடிப்போயி சாமியார இட்டுகினு வர்ட்டா?"

"அதான் ஆளு போயிகீதே. நீ போயி உன் வேலயப் பாரு."

எட்டு வருஷத்துக்கு முன் இதே வாசற்படியில் லட்சுமணன் நின்றான். வியாசர்பாடிப் பையன், இந்து, மில் வேலை. மகள் எல்சி அவனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, காமாலை முற்றிக் கிடந்தாள். "சாமியாரப் பாக்கணும்னு அழுவுறா மாமா," என்றான். சவரிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதிருந்த பங்குச் சாமியாரிடம் போய், அவர் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டு வந்தான். கோயிலில் தாலி கட்டாதவளுக்குப் பூசுதல் ஒரு கேடா? மறுநாள் எல்சி செத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு லட்சுமணனின் ஆட்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தால் கேட் பூட்டியிருந்தது. சாவி மூப்பன் இடுப்பில். வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே கார்ப்பரேஷன் இடுகாட்டுக்குப் போனார்கள். ஒரே மகள். சிலுவையம்மாள் பின்னாலேயே ஓடினாள். ஆனால் வீட்டுக்கு வந்து புருஷனுக்குச் சோறும் போட்டாள். சோறு போட்ட அந்தக் கையை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை கேட்கும்போது சவரிநாதனுக்கு மூச்சு இழுத்தது.

"நீ ஆள அனுப்பல."

"ஆமா, அனுப்பல."

"ஏமே?"

"எல்சி கேட்டப்ப நீ அனுப்பினியா?"

அவன் மூச்சைக் கூட்டிக்கொண்டான். அப்புறம், "அதுக்குத்தாமே... அத்த சாமியாராண்ட சொல்லணும்," என்றான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலருகே குனிந்தாள். "என்னாண்ட சொல்லு. பெத்தவ நானு. ஒரு வார்த்த சொல்லு, இப்பவே ஓடிப்போயி இட்டார்றேன்."

அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

சாமியாரிடம் சொல்வானாம், இவளிடம் சொல்லமாட்டானாம். அவள் மறுபடி மீன்சட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். "அப்டியே சாவு," என்று சத்தமாகவே சொன்னாள். மூன்று மணி அடிப்பதற்குள் அவன் செத்துப்போனான்.

அதற்குப் பிறகுதான் ராஜாத்தியை அனுப்பினாள்.

உதவிச் சாமியார் அருள்நாதன் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்தார். குருப்பட்டம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாதவர். உடம்பைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருந்தது. உடனே சிமிழைத் திறந்து நெற்றியில் எண்ணெய் பூசினார்.

அவளுக்குப் பகீரென்றது. "செத்தவருக்கு இன்னாத்துக்கு சாமி?"

"உயிர் எப்பப் பிரியுதுன்னு நமக்கு என்னம்மா தெரியும்? மனசாரக் கேட்டிருந்தாலே போதும். ஆண்டவர் இந்தச் சிமிழுக்குள்ளயா அடைஞ்சு கிடக்கார்? இவர் என்னைக் கேட்டாரா?"

இல்லை என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். ஆனால் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது.

"பூசாமப் போனாக்கூடவா? ரிஜிஸ்டர் கல்யாணம் கட்டிகினு செத்துப்போன பொண்ணு கேட்டிருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். "அவளுக்கும் அதேதாம்மா. கேட்டைப் பூட்டுனது நாங்க. ஆண்டவர் பூட்டல."

எட்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கிக்கிடந்தாள். கேட்டாலே போதும் என்றால், அது இவனையும் கூட்டிக்கொண்டா வரவேண்டும்? இவன் நரகத்துக்குத்தான் போனான் என்று பிடிவாதம் பிடித்தால் எல்சியையும் அங்கேயே விட வேண்டியதுதான். காலமெல்லாம் ஜெயித்தவன் செத்தும் ஜெயித்துவிட்டான்.

"கேட்டாரு," என்றாள். "மூணு வாட்டி. நான்தான் ஆள் அனுப்பல."

சாமியார் சிமிழை மூடினார். அவளைத் திட்டவில்லை.

"இன்னொண்ணு சாமி. கோயில் கல்லறையில அவுங்கம்மா பக்கத்துல எடம் வச்சிகிறாரு. அங்க வோணாம். கார்ப்பரேஷன் இடுகாட்டுல எல்சி பக்கத்துல போடுங்க."

"மூப்பரையா? சபைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்களேம்மா."

"அவுங்க யாரு ஒத்துக்க? அவரு புடிச்சித் தள்ளின எடத்துலயே அவரும் கெடக்கட்டும். நீங்க வந்து தீர்த்தம் தெளிச்சி மந்திரிப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் சிமிழைப் பையில் போட்டுக்கொண்டார். "வரேன்," என்றார்.

மறுநாள் சபைக்காரர்கள் கொடியும் குடையுமாக வந்து இடுகாட்டு வாசலோடு நின்றுகொண்டார்கள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எல்சியின் மேட்டில் புல் முளைத்திருந்தது. அதற்கு வலப்பக்கத்தில் புதுக்குழி. தகவல் கேள்விப்பட்டு வந்திருந்த லட்சுமணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றான். பெட்டியை இறக்கியதும் சாமியார் ஜெபம் சொல்லிச் செம்பிலிருந்து குழிக்குள் ஒரு தடவை தீர்த்தம் தெளித்தார். இரண்டாவது தடவை கையை ஓங்கும்போது சிலுவையம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் சாமி."

அவர் திரும்பிப் புல்லின்மேல் தெளித்தார்.

"இன்னும்," என்றாள்.

செம்பு காலியாகும்வரை அவள் கையை விடவில்லை.