ஒரு நிமிஷம் நிக்கிற ரயில்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் புதன்கிழமை நாகலேரி ஹால்ட்டுல நான் பேச்சு மூச்சில்லாம நின்னேன். நம்பலன்னா அங்க டிக்கெட் குடுக்கிற கோபால்சாமி அண்ணனக் கேளுங்க.

என் பேரு சசிகலா. ஜவ்வாது மலையில, அமிர்தி பக்கமா மேல ஏறினா எங்க ஊரு. வேலூர்ல ஒரு ஷூ கம்பெனில எட்டு வருஷமா தையல் மிஷின் ஓட்டுறேன். ஏழே முக்காலுக்கு திருவண்ணாமலையிலருந்து வேலூர் போற பாசஞ்சர் வரும். நாகலேரில ஒரே ஒரு நிமிஷம் நிக்கும். அத்தப் புடிச்சாத்தான் ஒம்போது மணிக்கு கம்பெனி கேட்டு சாத்துறதுக்குள்ள போவ முடியும். எங்க பக்கத்து மொத பஸ்ஸு வேலூர் போய்ச் சேரவே பத்தாயிடும்.

மொத நாள் வேலைக்குப் போன கதையச் சொல்லிடுறேன். எங்க மலையில ஒரு வழக்கம். ஊர்க் காரியமா, நல்ல காரியமா எங்கியாச்சும் கால் வெச்சா செருப்போட வெக்க மாட்டோம். எல்லையில கழட்டி வெச்சிட்டுப் போய், திரும்பி வரும்போது மாட்டிக்குவோம். நானும் மொத மொத ரயில் ஏறுறனே, நல்ல காரியமாச்சேன்னு பிளாட்பாரத்துல செருப்பக் கழட்டி வெச்சிட்டு ஏறிட்டேன். செருப்பு தெக்க வந்தவ வெறுங்காலோட வந்து நிக்கிறான்னு கம்பெனியே சிரிச்சிச்சு. சிரிக்கட்டும். புருஷனோட வாழ முடியாம திரும்பி வந்து அண்ணன் வூட்டு அடுப்பாங்கரையில கெடந்தவ நான். இன்னிக்கு எனக்குன்னு தனி வூடு, தனிச் சாவி. எல்லாம் அந்த ஒரு நிமிஷம் குடுத்தது.

போன மாசம் கோபால்சாமி அண்ணன் ஒரு நோட்டீச ஒட்டிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நின்னாரு.

"இன்னாணா?"

"ஒண்ணாந்தேதிலருந்து வண்டி இங்க நிக்காதாம் சசி. ஏறுற ஆளு இல்லியாம்."

"நாங்க பதினாலு பேரு தெனம் ஏறுறது கண்ணுக்குத் தெரிலயா?"

"நீங்க பாஸ் எடுக்கிறது வேலூர்ல. இங்க டிக்கெட் கணக்குல வரமாட்டீங்க. கேட்டுக் கேட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன். புதன்கிழமை ஒரு ஆபீசர் வர்றாரு. ஜனங்களுக்கு இந்த ரயில் வேணுமா வேணாமான்னு தலைய எண்ணிப் பாப்பாராம். எரநூறு தலை வேணுமாம்."

எரநூறு! எங்க ஊர்ல கல்யாணத்துக்கே அவ்ளோ பேர் சேர்றது கஷ்டம். அன்னிக்கு சாயங்காலமே எங்க ஊருக்குத் தலைவரு, ஊர்க் கவுண்டர் வேடியப்பன் மாமாகிட்ட போய் நின்னேன். களத்துல கேவரு தானியம் தூத்திக்கினு இருந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன்.

"பாக்கலாம்" அப்டின்னாரு. அவ்ளோதான்.

பாக்கலாமா? "பாருங்க, நல்லா பாருங்க. அப்பறம் நான் அடுப்பூதிக்கினு கெடக்கிறதையும் பாருங்க"ன்னு கத்திட்டு வந்துட்டேன். அவரு பாட்டுக்குத் தூத்திக்கினே இருந்தாரு.

புதன்கிழமை ஏழு மணி. ஹால்ட்டுல நாங்க பதினாலு பேரு, கோபால்சாமி அண்ணன், ரெண்டு ஆடு. மலை மேல பனி மூடிக்கினு இருந்துச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு பெஞ்சில உக்காந்துட்டேன்.

அப்பத்தான் அண்ணன் என் தோளத் தட்டினாரு. "சசி, மேல பாரு."

பனிக்குள்ளருந்து ஜனம் எறங்கிக்கினு இருந்துச்சு. ஒத்தையடிப் பாதையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். முன்னாடி வேடியப்பன் மாமா, வெள்ளைத் துண்டத் தலையில கட்டிக்கினு. முன்னால வர்றவங்க தார் ரோட்டத் தொட்டுட்டாங்க, பின்னாடி இன்னும் பனிக்குள்ளருந்து வந்துக்கினே இருக்காங்க. எங்க ஊரு மட்டும் இல்ல, பக்கத்து ஊருங்களும். இடுப்புல புள்ளைங்க, கையில கட்டுச்சோறு. இத்தினி பேரு இந்த மலையில இருக்காங்களான்னு அங்கியே பொறந்த எனக்கே ஆச்சரியம்.

மாமா வந்து என்னைப் பாத்தாரு. "ஊர்க் காரியம்னு சொல்லிட்டேன். இப்ப சந்தோஷமா?"

எனக்கு அழுகதான் வந்துச்சு. அவரோ, "டிக்கெட்டு எங்க குடுக்கிறாங்க?"ன்னு போய்ட்டாரு.

அண்ணன்கிட்ட இருந்ததே நூறு டிக்கெட்டு. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள தீந்துபோச்சு. ஏழே முக்காலுக்கு வண்டி டாண்ணு வந்துடுச்சு. ஆபீசரக் காணோம். அப்பறந்தான் தெரிஞ்சிச்சு, ஜீப்புல வர்றவருக்கு வழியில புளி லோடு ஏத்தின லாரி கவுந்து ரோடு அடைச்சிக்கிச்சாம்.

"நிறுத்தி வைங்க சார், எண்ணுறவரு வரணும்!" கார்டு கிட்ட ஓடினேன். அவரு ஜனத்தப் பாத்து வாயப் பொளந்துட்டாரு. "நிறுத்தி வெக்க முடியாதும்மா. டிக்கெட் இல்லாதவங்க அடுத்த ஸ்டேஷன்ல வாங்கிக்குங்க. மொதல்ல ஏறுங்க"ன்னாரு. ஏறிக் காட்டினாத்தான் ரயில் வேணும்னு அர்த்தம்னு ஜனமும் ஏற ஆரம்பிச்சிச்சு. பாதிப்பேரு ரயிலயே இப்பத்தான் கிட்டத்துல பாக்கிறாங்க. சிலபேரு பொட்டியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ஒரு நிமிஷம் நிக்கிற வண்டி அன்னிக்கு ஏழு நிமிஷம் நின்னுச்சு. கதவுக்குக் கதவு ஓடி ஏத்திவுட்டேன். கடைசியா ஒரு புள்ளத்தாச்சியத் தூக்கிவுட்டுத் திரும்பினேன், வண்டி நகந்துடுச்சு. நான் கீழ.

வண்டி போய் அஞ்சு நிமிஷம்கூட ஆவல, ஜீப்பு வந்து நின்னுச்சு. புருஷோத்தமன்னு பேரு அந்த ஆபீசருக்கு. கையில பேப்பரு. ஆளில்லாத பெஞ்சப் பாத்தாரு, அண்ணனப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"ஜனங்க எங்கம்மா?"

"இப்பத்தான் சார் போனாங்க. கூட்டம் கூட்டமா."

"எத்தினி டிக்கெட்டு?"

"நூறுதான் சார் இருந்துச்சு" அப்டின்னாரு அண்ணன், மெதுவா.

ஆபீசரு நல்லவருதான். ஆனாலும் தலைய ஆட்டினாரு. "கண்ணால பாக்காம நான் எப்டிம்மா எழுதுறது?"

அவரு திரும்பி ரெண்டு அடி வெச்சவரு, அப்டியே நின்னுட்டாரு. கீழ பாத்தாரு. நானும் பாத்தேன்.

பிளாட்பாரம் ஓரத்துல, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும், செருப்பு. ரப்பர் செருப்பு, டயர் செருப்பு, கம்பி வெச்சித் தெச்ச செருப்பு, உள்ளங்கை அளவு புள்ளைங்க செருப்பு. ஜோடி ஜோடியா, வரிசையா, எல்லாம் மலையப் பாத்துத் திருப்பி வெச்சி. ஆளுங்கள ஏத்துற அவசரத்துல நான் கவனிக்கவே இல்ல. ஊர்க் காரியம்னு வந்தவங்க, கழட்டி வெச்சிட்டு ஏறியிருக்காங்க. கழட்ட வேணாம்னு நான் சொல்லி வெச்சிருக்கணும், மறந்தே போய்ட்டேன். அய்யோ, வேலூர்ல வெறுங்காலோட எறங்குவாங்களே!

ஆபீசருக்கு வழக்கத்தச் சொன்னேன். கேட்டுக்கினே இருந்தாரு. "ஒருத்தருக்கு ஒரு ஜோடிதானம்மா?"

"எங்க ஊர்ல ரெண்டு ஜோடி வெச்சிருக்கிறவ நான் ஒருத்திதான் சார். நான் இங்க நிக்கிறேன்."

சிரிக்காம, விரல நீட்டி எண்ண ஆரம்பிச்சாரு. ஒரு ஜோடியக்கூட மிதிக்கல, தள்ளல. கோடி வரைக்கும் போய்ட்டு, மறுபடி அங்கிருந்து எண்ணிக்கினு வந்தாரு. போட்டோ எடுத்தாரு. எரநூத்தி அறுபத்தி மூணு.

"செருப்பே இல்லாம வந்தவங்க?"

"அவங்க தனி சார். அது எனக்கும் தெரியாது."

பேப்பர்ல எழுதிக்கினே கேட்டாரு. "இத்தினி பேருக்கு இன்னிக்கு வேலூர்ல இன்னாம்மா வேல?"

யோசிச்சேன். கேவரு அறுப்பு நேரம். எல்லாரும் காட்ட வுட்டுட்டு வந்திருக்காங்க. ஒருத்தருக்கும் அங்க ஒரு வேலையும் கெடையாது.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான் வேல."

அவரு பேனா நின்னுடுச்சு. என்னை ஒரு தடவ நல்லாப் பாத்துட்டு, மறுபடி எழுதினாரு.

அன்னிக்கு எனக்கு லீவு போச்சு. நாய் தூக்கிடக் கூடாதுன்னு சாயங்காலம் வரைக்கும் செருப்புக்குக் காவல் இருந்தேன். ஆறு மணி வண்டில எல்லாரும் எறங்கி, தேடாம கொள்ளாம அவங்கவங்களோடத மாட்டிக்கினு மலை ஏறினாங்க. வேலூர் ரோடு சுட்டுச்சின்னு ஒருத்தர்கூட சொல்லல. வேடியப்பன் மாமா மட்டும், "அங்க இன்னாமே, ஒரே சத்தம்" அப்டின்னாரு.

ஒண்ணாந்தேதி ஏழே முக்காலுக்கு பாசஞ்சர் வந்துச்சு. கிட்ட வர வர வேகம் கொறஞ்சிச்சு. நின்னுச்சு. நான் குனிஞ்சு செருப்பக் கழட்டினேன். கூட இருந்த பொண்ணுங்க கெக்கபிக்கன்னு சிரிச்சாளுங்க. சிரிக்கட்டும். இந்தத் தடவ கையில எடுத்துக்கினு ஏறினேன்.