ஆயுத பூஜைக் குவியல்

"அவ்வா, பூசணிக்காய உடைச்சிட்டா திருஷ்டி எங்க போகும்?"

நிங்கம்மாவின் மகள் ஐந்து வயதில் அம்மாவிடம் கேட்ட கேள்வி இது. கடைவீதியில் ஒரு லாரிக்குப் பூஜை முடிந்து, குங்குமம் தடவிய பூசணிக்காயை அதன் முன்னால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். "ரோட்டோட போயிரும், வாடி" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிங்கம்மா நடந்துவிட்டாள். அந்த மகள் இப்போது கல்யாணமாகி மத்தூரில் இருக்கிறாள். ரோட்டோடு போனது எங்கே போய்ச் சேருகிறது என்று நிங்கம்மாவுக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. அவளிடமே வந்து சேர்ந்தது.

நகராட்சி உரக்கிடங்கில் அவளும் சாகம்மாவும் வேலை செய்தார்கள். முன்பெல்லாம் ஆயுத பூஜைக் கழிவு ஊருக்கு வெளியே பள்ளத்துக்குப் போகும். இந்தத் தடவை வாழைக்கன்று, செவ்வந்தி மாலை, உடைந்த பூசணி எல்லாம் வண்டி வண்டியாகக் கிடங்குக்கே வந்தன. இரண்டு பேரும் வாழையை வெட்டிப் போட்டு, சாணிக்கரைசல் தெளித்து, கிளறிக் கிளறி விட்டார்கள். குவியல் புகைந்தது. மார்கழியில் சலித்துப் பார்த்தபோது கறுப்பாக, பொலபொலவென்று, காட்டு மண்ணின் வாசனையோடு இருந்தது. இவ்வளவு நல்ல உரம் அவர்கள் கையால் அதுவரை வந்ததில்லை.

மேஸ்திரி மல்லேஷ் பைக்கில் உட்கார்ந்தபடியே சொன்னான். "சங்கராந்திக்குள்ள இது வித்துப் போகணும். இல்லைன்னா கிடங்க மூடிடறதுன்னு ஆபீஸ்ல முடிவு. மறுபடி எல்லாம் பள்ளத்துக்குத்தான்."

"அப்ப நாங்க எங்க போறது?" என்றாள் சாகம்மா.

மல்லேஷ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

விவசாயிகள் வராமல் இல்லை. வந்தார்கள், அள்ளினார்கள், முகர்ந்தார்கள். "எதுல பண்ணினது?" என்று கேட்டார்கள். நிங்கம்மா சொன்னாள். உடனே உரத்தைக் கீழே போட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, ஊர்ல உள்ள பஸ்ஸு, லாரி, ரைஸ்மில்லு, அத்தனை திருஷ்டியையும் வண்டி வச்சு ஏத்திட்டுப் போய் என் கரும்புல கொட்டணுமா? எனக்கு என் மச்சினன் கண்ணு ஒண்ணே போதும்!" என்றார் ஒருவர்.

அவர் போனதும் சாகம்மா பிடித்துக்கொண்டாள். "மார்க்கெட் காய்கறிக் கழிவுன்னு சொல்லேன். குவியலுக்கு வாயா இருக்கு, காட்டிக் கொடுக்க?"

"சாமி பார்த்துட்டிருக்குமேடி."

"பார்க்கட்டும். சாமியா வந்து ரெண்டு லோடு வாங்கப் போகுது?"

நிங்கம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை என்னவென்றும் அவளுக்குத் தெரியவில்லை. எது பூசணி, எது வாழை, எது மாலை என்று இப்போது பிரிக்க முடியாது. குங்குமத்தின் சிவப்புகூட ஓர் இடத்திலும் தட்டுப்படவில்லை. சிவப்பு போன வழியிலேயே திருஷ்டியும் போயிருக்குமா? இல்லை, கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அப்படியே உட்கார்ந்திருக்குமா? மூன்று மாதமாக உள்ளே கையை விடுகிறவள் அவள்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் போன வாரம் முழங்கால் வலித்தது. அது இதனாலா, வயதாலா?

கோயிலுக்குப் போய் அர்ச்சகரைக் கேட்டாள்.

"பூமித்தாய் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிருவா. தாராளமா விக்கலாம்மா" என்றார் அவர்.

"அப்ப நம்ம நந்தவனத்துக்கு ரெண்டு மூட்டை அனுப்பட்டுமா, சாமி?"

"அது வேற விஷயம். இப்போதைக்கு வேண்டாம்."

வந்தபோது ஒன்றாக இருந்த குழப்பம் இரண்டாக, அவள் திரும்பினாள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருந்தபோது ஜவரே கவுடர் டிராக்டரோடு வந்தார். போன வருஷம் கடைக்காரன் கொடுத்த ஏதோ மருந்தைப் போட்டு அவருடைய மஞ்சள் பயிர் முழுக்கக் கருகியிருந்தது. அவர் உரத்தை முகரவில்லை. நேராகவே கேட்டார்.

"இதுல திருஷ்டி இருக்குங்கிறாங்க. இருக்கா, இல்லையா?"

"தெரியலைங்க கவுடரே."

"தெரியலைன்னா?"

"குவியல் கொதிச்சப்ப உள்ள கைய வைக்க முடியல. அவ்வளவு சூடு. எல்லாம் வெந்து ஒண்ணாயிருச்சு. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். மத்தது நமக்குத் தெரியற விஷயமா?"

"நல்லா வியாபாரம் பண்றம்மா நீ! வீட்ல புட்டம்மா கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"எனக்குத் தெரியலைன்னு நிங்கம்மா சொன்னான்னு சொல்லுங்க."

கவுடர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். "கடைக்காரனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு" என்றார். அப்புறம், "ரெண்டு டிரெய்லர் போடு."

"எடுக்கறீங்களா?" என்று நிங்கம்மா கேட்டாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"எனக்கும் பயம்தான். ஏத்து, நான் மனசு மாறறதுக்குள்ள."

கவுடரே எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். மச்சினன் கண்ணைப் பழித்தவரும் வந்து ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனார். பண்டிகைக்கு முந்தின நாள் கிடங்கின் தரை தெரிந்தது. கிடங்கை மூடவில்லை என்று மல்லேஷ் போனில் சொன்னபோது சாகம்மா குதித்தாள். நிங்கம்மாவும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியது. தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் நின்றுவிட்டாள். அந்தத் தெரியாததைத் தன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனவர் கவுடர். அவர் மனைவி புட்டம்மா பயத்தில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் காதில் விழுந்தது. கவுடருக்குத் தான் கடன்பட்டிருப்பதாக நிங்கம்மா நினைத்தாள்.

சங்கராந்தி மாலை. மாடுகளை நெருப்புத் தாண்டவைக்க ஊரே ஏரிக்கரையில் கூடியிருந்தது. தமட்டைப் பறையின் சத்தம் வயல் வரைக்கும் கேட்டது. கவுடரின் நிலத்தில் ஒருவரும் இல்லை. உரம் வரப்போரம் கொட்டியபடியே கிடந்தது.

நிங்கம்மா அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பிடி அள்ளித் தன் தலையை மூன்று முறை சுற்றினாள். "தாயே, எனக்கு ஒண்ணும் தெரியல. ஏதாவது இருந்தா அவர் வீட்டுக்குப் போக வேண்டாம். இது என் கை செஞ்சது. எங்கிட்டயே வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பிடியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதோடு எழுந்துவிட மனம் வரவில்லை. சல்லடையில் தப்பியிருந்த நைலான் நூலும் பூக்கட்டும் கம்பித் துண்டும் அங்கங்கே கண்ணில் பட்டன. மஞ்சள் கிழங்கு தோண்டும் கையில் கம்பி குத்தும். வெளிச்சம் இருக்கும் வரை இரண்டு கையாலும் கிளறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கலைந்த உரத்தைப் பழையபடி கூட்டி வைத்தாள். பிறகு, ஏரிக்கரையிலிருந்து மாடுகள் திரும்பும் முன், வாய்க்கால் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.